சிவப்பு நாடாவை அவிழ்க்கும் தம்பதிகள்

காலை எட்டரை மணி. அமெரிக்காவின் தென்பகுதியில் ஒரு சிறிய ஊர். ஊரின் நடுவே பழைய கோர்ட்டுக் கட்டடம். அதன் அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத ஓர் அறையில், எழுபது வயதை நெருங்கும் பெரியவர் ஒருவர் தமது கோட்டைக் கழற்றி நாற்காலியின் முதுகில் மாட்டுகிறார். சட்டைப் பைக்கு மேலே கறுப்பு நிறப் பெயர்த் தகடு. எதிரே மேஜையின்மீது, நீருக்குள் மீனைப் பார்க்கும் கொக்கைப்போலத் தலையைக் கவிழ்த்துக்கொண்டு ஒரு காமிரா. இரு பக்கத்திலும் இரண்டு விளக்குகள்.

அடுத்த மேஜையில் அவருடைய மனைவி. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அட்டைப் பெட்டி ஒன்றைத் திறக்கிறார். உள்ளே செங்கல் அடுக்கினாற்போல் காகிதக் கட்டுகள். ஒவ்வொன்றும் மூன்றாக மடித்து நாடாவால் கட்டப்பட்டது. ஒரு காலத்தில் அந்த நாடா சிவப்பாக இருந்திருக்கும். நூற்றைம்பது வருஷத்தில் காவிக்கும் பழுப்புக்கும் நடுவே ஏதோ ஒரு நிறத்துக்கு வந்துவிட்டது. அம்மாள் அதன் முடிச்சை விரல் நுனியால் மெள்ள மெள்ளத் தளர்த்துகிறார்.

சர்க்கார் ஆபீஸ்களின் "சிவப்பு நாடா"வைப் பற்றி நாம் பேசாத பேச்சில்லை. ஆனால் அந்த நாடாவை நிஜமாகவே கையால் அவிழ்ப்பதையே தினசரி வேலையாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அதுவும் சம்பளம் இல்லாமல்! சம்பளம் இல்லாதது மட்டுமா? வீட்டு வாடகை, சாப்பாடு, பெட்ரோல் எல்லாமே தங்கள் சேமிப்பிலிருந்து செலவழித்துக்கொண்டு, சொந்த ஊரையும் பேரன் பேத்திகளையும் விட்டுவிட்டு, முன்பின் தெரியாத ஊரின் அடித்தள அறையில் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

நான் மேலே எழுதியது ஒரு குறிப்பிட்ட தம்பதியின் படம் அல்ல. பெயரைச் சொல்லி ஒருவரை மட்டும் எடுத்துக் காட்ட வேண்டிய அவசியமும் இல்லை. ஊர் மாறும், கட்டடம் மாறும்; இவர்களுடைய நாள் மட்டும் எங்கே போனாலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடக்கிறது.

பிரசங்கம் செய்யாத மிஷனரிகள்

"மிஷனரி" என்ற சொல்லைக் கேட்டதும் நமக்குத் தரங்கம்பாடியில் அச்சுக்கூடம் வைத்த சீகன்பால்கும், இலக்கணம் ஆராய்ந்த கால்டுவெல்லும், திருக்குறளை ஆங்கிலமாக்கிய போப்பும் நினைவுக்கு வருவார்கள். இந்தத் தம்பதிகள் அந்த இனம் அல்ல. பிரசங்கம் செய்வது இவர்களுடைய வேலையே இல்லை. பழைய பதிவேடுகளைப் படமெடுப்பதற்கென்றே அனுப்பப்படுகிறவர்கள் இவர்கள்.

அனுப்புவது, 1830இல் அமெரிக்காவில் தோன்றிய ஒரு கிறிஸ்தவப் பிரிவு. பிற்காலப் புனிதர்களின் இயேசு கிறிஸ்து திருச்சபை என்பது முழுப் பெயர். உலகம் நெடுநாளாக இவர்களை "மார்மன்" என்று அழைத்து வந்திருக்கிறது. யூட்டா மாநிலத்தில் உள்ள ஸால்ட் லேக் சிட்டி இவர்களுடைய தலைநகரம். வெள்ளைச் சட்டையும் டையுமாக இருவர் இருவராகச் சேர்ந்து வீடு வீடாகக் கதவைத் தட்டும் இளைஞர்களைப் பற்றிப் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். பையன்களுக்கு இரண்டு வருஷம், பெண்களுக்கு ஒன்றரை வருஷம் அந்த ஊழியம். அதே சபையில், பிள்ளைகளைக் கரையேற்றி உத்தியோகத்திலிருந்தும் ஓய்வு பெற்ற தம்பதிகளுக்கும் ஊழியம் உண்டு. ஆறு மாதத்திலிருந்து இருபத்து மூன்று மாதம் வரை அவரவர் உடம்புக்கும் பணத்துக்கும் ஏற்றபடி. சிலர் ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறார்கள், சிலர் பள்ளிக்கூடங்களுக்கு. சிலருக்குக் கிடைப்பது காமிராவும் காகிதமும்.

நாற்பது வருஷம் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைத்த கணவனும் மனைவியும் ஊழியத்துக்கு வந்துவிட்டால் ஊராருக்கு "எல்டர்" என்றும் "சிஸ்டர்" என்றும் ஆகிவிடுகிறார்கள். எல்டர் என்றால் மூத்தவர் என்று பொருள். வேடிக்கை என்னவென்றால், பத்தொன்பது வயதுப் பையனுக்கும் அதே பட்டம்தான்!

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இந்தச் சபையாருக்குக் காப்பி கிடையாது, தேநீரும் கிடையாது. தூசி மணக்கும் அறையில் பத்து மணிக்கு ஒரு வாய் காப்பிகூட இல்லாமல் பகல் முழுவதும் பழைய காகிதம் பார்ப்பது என்றால், நம் ஊரில் அந்த ஒரு காரணத்துக்காகவே ஆள் கிடைக்க மாட்டார்கள்.

ஒரு தாளுக்கு ஒரு சொடுக்கு

வேலையைப் பார்ப்போம். கட்டை அவிழ்த்ததும் முதல் விரோதி குண்டூசி. "கிளிப்" வருவதற்கு முன்பு காகிதங்களைச் சேர்த்து வைக்க நேரான ஊசியைக் குத்தினார்கள். அது துருவேறிக் காகிதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். இழுத்தால் தாள் கிழியும். பக்குவமாக நெகிழ்த்தி எடுக்க வேண்டும். பிறகு மடிப்பை நீவ வேண்டும். நூறு வருஷத்துக்கு மேல் மடித்த தாள், விரித்த கையை எடுத்ததும் பழையபடி சுருண்டுகொள்கிறது. கோபித்துக்கொண்டு திரும்பிப் படுக்கும் குழந்தை மாதிரி.

இங்கே ஓர் ஆச்சரியமான விஷயம். 1790ஆம் வருஷத்துத் தாள் நன்றாக வளைந்து கொடுக்கும். 1890ஆம் வருஷத்துத் தாள் அப்பளமாக நொறுங்கும். காரணம், பழைய காகிதம் கந்தல் துணியைக் கூழாக்கிச் செய்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மரக்கூழ் வந்தது. அதில் உள்ள அமிலம் காகிதத்தை உள்ளிருந்தே தின்றுவிடுகிறது. பழைய காகிதத்துக்கு வேறொரு நோய்: மை. நம் ஊரில் கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சுவார்கள் அல்லவா? அதே ரசாயனம்தான் அங்கேயும். கடுக்காய்க்குப் பதில் ஓக் மரத்தில் உண்டாகும் ஒருவகைக் காய்ப்பு. அந்த மையிலுள்ள இரும்புச் சத்து நாளடைவில் காகிதத்தை அரித்து, சில தாள்களில் எழுத்து இருந்த இடத்தில் எழுத்தின் வடிவத்திலேயே ஓட்டை விழுந்திருக்கும்.

நீவிய தாள் காமிராவின் அடியில் வரும். பெரியவர் விளிம்பைச் சரி செய்கிறார், பொத்தானை அமுக்குகிறார், திரையில் படத்தைப் பார்க்கிறார். எழுத்து தெளிவா? ஓரம் வெட்டுப்பட்டதா? தமது விரல் விழுந்துவிட்டதா? சரி, அடுத்த தாள். பின்பக்கத்தில் ஒரு வரி இருந்தாலும் அதற்கும் தனிப் படம். ஒவ்வொரு கட்டின் தொடக்கத்திலும் அது எந்த ஊர், எந்த வருஷம், யாருடையது என்ற விவரத்தைப் பதிய வேண்டும். உதிரித் தாள்களானால் நாளைக்குச் சில நூறு படம். கட்டுக்கோப்பான பெரிய புத்தகமானால் ஆயிரத்தைத் தாண்டும்.

கேட்பதற்குச் சுலபம். ஆனால் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு ஒன்றாகப் புரண்டுவிட்டால்? அந்தக் கட்டை மறுபடி ஒருவர் அவிழ்ப்பது எந்தக் காலத்திலோ! அவிழ்க்கும்போது அந்தத் தாள் தாளாக இருக்குமோ, தூளாக இருக்குமோ! ஆகவே அம்மாள் தாள்களை எண்ணிக் கொடுக்கிறார். பெரியவர் எண்ணி வாங்கி, எண்ணித் திருப்பிக் கொடுக்கிறார். நெடுநாள் குடித்தனம் நடத்தியவர்கள் அரிசியும் பருப்பும் அளந்து பழகிய ஒழுங்கு இந்த எண்ணிக்கையில் கைகொடுக்கிறதுபோலும்.

வாசிக்கக் கூடாது என்று விதி ஒன்றும் இல்லை. ஆனால் வாசிக்க ஆரம்பித்தால் வேலை ஓடாது. பொத்தானை அமுக்கும் இரண்டு விநாடியில் கண்ணில் படுவது மட்டுமே இவர்கள் பங்கு. கடனுக்காகக் குதிரையை விற்ற கதையின் நடுப் பக்கம். உயிலில் மகனுக்கு நிலத்தையும் மகளுக்கு ஒரு கட்டிலையும் எழுதி வைத்த தகப்பனின் கையெழுத்து. எழுதத் தெரியாத விதவை போட்ட கீறல். முன்னும் பின்னும் தெரிவதற்குள் அடுத்த தாள் வந்துவிடுகிறது.

நடுப்பகலில் அரை மணி ஓய்வு. வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த ரொட்டி. பெரியவருக்கு முதுகு வலி. அம்மாளுக்கு விரல் மூட்டு. மறுபடி நாலரை மணி வரை.

ஆஸ்தி ஜாபிதா

இந்தக் கட்டுகளில் பெரும்பாலானவை இறந்தவர்களுடைய சொத்துக் கணக்குகள். அக்கால அமெரிக்காவில் ஒருவர் காலமானால், கோர்ட்டு இரண்டு மூன்று பேரை நியமித்து அவருடைய ஆஸ்திக்கு ஜாபிதா எடுக்கச் சொல்லும். அவர்கள் வீடு வீடாக, கொட்டகை கொட்டகையாகப் போய் எல்லாவற்றையும் எழுதி எதிரே மதிப்பைப் போடுவார்கள். இறகு மெத்தை ஒன்று, இவ்வளவு டாலர். தறி ஒன்று. கறவைப் பசுவும் கன்றும். தேனீப் பெட்டி.

1865க்கு முற்பட்ட தென்மாநிலத்து ஜாபிதாவானால், பசுவுக்கும் தறிக்கும் நடுவில் மனிதர்கள் வருவார்கள். ஓர் ஆண்பிள்ளையின் பெயர், எதிரே ஒரு தொகை. ஒரு பெண்ணும் கைக்குழந்தையும், இருவருக்கும் சேர்த்து ஒரு தொகை. கிழவி ஒருத்தி, எதிரே மதிப்பு ஒன்றுமில்லை என்ற குறிப்பு. குடும்பப் பெயர் இராது, வெறும் பெயர்தான்.

அந்த வெறும் பெயருக்கு என்ன விலை என்பதைத் தெரிந்துகொள்ள, அமெரிக்க ஜனத்தொகைக் கணக்கைப் பார்க்க வேண்டும். 1850லும் 1860லும் அடிமைகளுக்கென்று தனி அட்டவணை எடுத்தார்கள். அதில் எஜமானின் பெயர் உண்டு. அடிமையின் பெயர் கிடையாது. வயது, ஆணா பெண்ணா, நிறம் இவ்வளவுதான். கறுப்பு மக்களில் பெரும்பாலோர் தங்கள் பெயரோடு ஜனத்தொகைக் கணக்கில் முதன்முதலாக ஏறியது 1870இல். ஆகவே இக்காலத்தில் தம் முன்னோரைத் தேடும் ஆப்பிரிக்க வம்சாவளி அமெரிக்கர் ஒருவர், தாத்தாவுக்குத் தாத்தா என்று ஏறிக்கொண்டே போய் 1870 என்ற சுவரில் முட்டிக்கொண்டு நிற்கிறார். அந்தச் சுவரில் உள்ள சந்துகளில் ஒன்று இந்த ஆஸ்தி ஜாபிதா. எஜமான் செத்தபோது இவர்களுக்கு விலை போட்டார்களே, அந்த விலைப்பட்டியல்! தாயும் பிள்ளைகளும் எந்தெந்த வாரிசின் பங்குக்குப் பிரிக்கப்பட்டார்கள் என்பதும் அடுத்த தாளில் இருக்கும். ஒருவரைக் கேவலப்படுத்தி எழுதிய காகிதமே அவர் இருந்தார் என்பதற்கு மிஞ்சிய ஒரே சாட்சியாக நிற்பது வினோதமான விஷயம்தான்.

வட கரோலினா மாநிலத்தின் ஆவணக் காப்பகத்தில் உள்ள இத்தகைய சொத்துக் கட்டுகள், 1663இலிருந்து இருபதாம் நூற்றாண்டு வரை வருபவை, இவ்விதம் படமாகிப் பொதுமக்கள் பார்வைக்கு வந்திருக்கின்றன. தாள்களை விரிக்கும் கைக்கு இந்தப் பக்கம் வரும்போது என்ன தோன்றும்? வேலை நிற்பதற்கில்லை. ஆனால் இதைத் தெளிவில்லாமல் எடுத்துவிடக் கூடாது என்று இன்னொரு முறை பொத்தானை அமுக்காதவர் இருக்க முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது.

இதில் ஒரு முரண்பாட்டையும் மறைக்கக் கூடாது. இதே திருச்சபை 1978 ஜூன் வரையில் கறுப்பு ஆண்களுக்குக் குருத்துவப் பதவி கொடுக்காமல் இருந்தது. அந்தச் சபையின் தொண்டர்கள்தான் பிற்பாடு அம்மக்களுடைய பதிவேடுகளில் பெரும் பகுதியை வெளியே கொண்டுவர உழைத்தார்கள். விடுதலை பெற்றவர்களுக்காக 1865இல் துவக்கி 1874இல் திவாலான பாங்கு ஒன்றின் கணக்குப் புத்தகங்களிலிருந்து சுமார் 4,80,000 பெயர்களை எடுத்து அட்டவணையாக்கும் வேலையைச் செய்தவர்கள் யார் தெரியுமா? யூட்டா சிறைச்சாலைக் கைதிகள்! ஐந்நூறு பேருக்கு மேல், 11 வருஷம் உழைத்து, 2001இல் அது வெளியாயிற்று. விடுதலை பெற்றவர்களின் நலனுக்காக அரசாங்கம் வைத்திருந்த இலாகாவின் ஏடுகளிலிருந்து ஏறக்குறைய 18 லட்சம் பெயர்களை எடுக்கும் வேலை, ஆயிரக்கணக்கான தொண்டர்களால் 2015இல் தொடங்கி 2016இல் முடிந்தது.

நெருப்பு கேட்காத கேள்வி

"இவ்வளவு அவசரம் என்ன? காகிதம் பீரோவில்தானே இருக்கிறது?" என்று கேட்கலாம்.

1921 ஜனவரியில் வாஷிங்டன் நகரில் ஒரு சர்க்கார் கட்டடத்தின் அடித்தளத்தில் தீப்பிடித்தது. அங்கேதான் 1890ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கு இருந்தது. 6 கோடி 29 லட்சம் பேருடைய கணக்கு. எரிந்தது கொஞ்சம், அணைக்க அடித்த தண்ணீரில் ஊறியது மிச்சம். மீந்ததையும் பிற்பாடு உபயோகமில்லை என்று அழித்துவிட்டார்கள். இன்று அதில் தப்பியிருப்பது ஆறாயிரம் சொச்சம் பெயர்கள். அடுத்த வருஷமே, 1922 ஜூனில், அயர்லாந்தின் டப்ளின் நகரில் உள்நாட்டுப் போரின் குண்டு வெடித்து, அந்நாட்டின் ஆவணக் காப்பகம் நூற்றாண்டுக் கணக்கான ஏடுகளோடு எரிந்தது. 1973 ஜூலையில் ஸெயின்ட் லூயிஸ் நகரில் பற்றிய தீயில் அமெரிக்கப் படைவீரர்களின் கோப்புகள் ஒரு கோடி அறுபது லட்சத்துக்கு மேல் போயின.

எந்தக் கட்டுக்கு மாற்றுப் பிரதி இருக்கிறது, எதற்கு இல்லை என்று நெருப்பு கேட்டுக்கொண்டா வருகிறது? உ.வே. சாமிநாதையர் ஏடு தேடிப் போன வீடுகளில் கரையானும் ஆற்று வெள்ளமும் அவருக்கு முன்பே வந்து போயிருந்ததை அறிந்த தமிழர்களுக்கு இதை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை.

மலைக்குள் ஒரு பெட்டகம்

யூட்டாவில் இந்த வேலையைத் தொடங்கிய வம்சாவளிச் சங்கம் 1894இல் ஏற்பட்டது. 1938இல் மைக்ரோபிலிம் எடுக்க ஆரம்பித்தார்கள். ஊர் ஊராக, தேசம் தேசமாகக் காமிராவோடு போனார்கள். பிலிம் சேரச் சேர, அதை எங்கே வைப்பது என்ற கேள்வி வந்தது. வெடி வைத்து மலையைக் குடைந்துவிட்டார்கள்! ஸால்ட் லேக் சிட்டிக்குத் தென்கிழக்கே ஒரு பள்ளத்தாக்கில், கருங்கல் மலைக்குள் 1960இல் தோண்டத் தொடங்கி 1965இல் முடித்த பெட்டகம் அது. தலைக்கு மேல் நூற்றுக்கணக்கான அடி பாறை. அணுகுண்டுக்கும் அசையாதபடி பல டன் எடையுள்ள இரும்புக் கதவு. அவர்களுடைய பெரிய கோயிலைக் கட்டக் கல் வெட்டியதும் அதே பள்ளத்தாக்கில்தான்.

அந்த மலைக்குள் சேர்ந்த பிலிம் சுருள்கள் சுமார் 24 லட்சம். அவற்றை மின்னணுப் படங்களாக மாற்றும் வேலை இருபது வருஷங்களுக்கு மேல் நடந்து 2021இல் நிறைவேறியது. நம் நாட்டுச் சரக்கும் அதில் உண்டு. ஹரித்துவாரத்துப் பண்டாக்கள் தலைமுறை தலைமுறையாக எழுதி வரும் யாத்திரிகர் வம்சாவளி ஏடுகளை இந்தச் சங்கத்தார் படமெடுத்திருக்கிறார்கள். கங்கைக் கரையில் தகப்பனாரின் அஸ்தியைக் கரைத்துவிட்டுப் பண்டாவின் ஏட்டில் பெயர் எழுதிவைத்த ஒரு விவசாயி, அமெரிக்க மலைக்குள் தம் பெயர் போய்ச் சேரும் என்று கனவு கண்டிருப்பாரா?

இப்போது பிலிம் இல்லை. பெரியவர் எடுக்கும் படங்கள் நேரே கம்ப்யூட்டரில் ஏறி யூட்டாவுக்குப் போகின்றன. அங்கே தணிக்கை செய்து, சரியில்லாத படத்தைத் திரும்ப எடுக்கச் சொல்வார்கள். ஒரு பிரதி அந்தந்தக் காப்பகத்துக்கே இலவசமாகக் கொடுக்கப்படுகிறது. 2024இலிருந்து கையெழுத்தையும் இயந்திரமே படித்து, எந்தப் பெயர் எந்தத் தாளில் என்று தேடித்தரும் வசதி வந்திருக்கிறது. அட்டவணையில் எஜமான் பெயர் மட்டும் ஏறியிருந்த ஜாபிதாவில், உள்ளே புதைந்து கிடந்த வெறும் பெயர்களும் இதனால் அகப்படுகின்றன. ஆனால் இயந்திரம் படிப்பதற்கு யாராவது ஒருவர் முடிச்சை அவிழ்த்துத் தாளை நீவிக் கொடுத்திருக்க வேண்டும் அல்லவா? அந்த வேலைக்குச் சம்பளக்காரர்களும் இருக்கிறார்கள். ஓய்வு பெற்ற தம்பதிகளும் இருக்கிறார்கள்.

எதற்காக?

நமக்குத் தர்ப்பணம் செய்யும்போது தகப்பன், பாட்டன், முப்பாட்டன் என்று மூன்று தலைமுறையின் பெயர் தெரிந்தால் போதும். இவர்களுக்குப் போதாது. குடும்பம் என்பது மரணத்தோடு முடிவதில்லை, முன்னோரும் பின்னோரும் என்றென்றைக்கும் ஒரே சங்கிலி என்பது இவர்களுடைய நம்பிக்கை. ஞானஸ்நானம் பெறாமல் இறந்த முன்னோருக்காக, உயிரோடிருக்கும் வாரிசு ஒருவர் அவர் பெயரைச் சொல்லித் தாம் நீரில் மூழ்குகிறார். ஏற்பதும் மறுப்பதும் அந்த ஆத்மாவின் இஷ்டம் என்கிறார்கள். பெயர் தெரிந்தால்தானே சடங்கு செய்ய முடியும்? பதிவேடு தேடும் படலம் அங்கேதான் ஆரம்பமாகிறது.

இதற்கு எதிர்ப்பும் உண்டு. ஹிட்லரின் முகாம்களில் மடிந்த யூதர்களின் பெயரால் ஞானஸ்நானம் நடந்ததை அறிந்த யூதர்கள் கொதித்தெழுந்தார்கள். எந்த மதத்துக்காகக் கொல்லப்பட்டார்களோ, அந்த மதத்திலிருந்தே செத்த பிறகு பெயர்த்தெடுப்பதா என்ற கேள்வி நியாயமானது. 1995இல் அப்பெயர்களை நீக்க ஒப்பந்தம் ஆயிற்று. அதற்குப் பிறகும் மீறல்கள் நடந்து புகார்கள் வந்தன. 2008இல் வாட்டிகன், கத்தோலிக்கக் கோயில்களின் பதிவேடுகளை இவர்களுக்குப் படமெடுக்கக் கொடுக்க வேண்டாம் என்று மேற்றிராணியார்களுக்கு அறிவித்துவிட்டது. இறந்தவர்கள் விஷயத்தில் யாருக்கு உரிமை என்பது லேசில் தீரும் வழக்கு அல்ல. என்னைக் கேட்டால் யூதர்களின் பக்கம்தான் பேசுவேன். ஆனாலும், படமெடுத்த தாள் யாரிடமும் மதம் கேட்பதில்லை. எந்த நம்பிக்கை உள்ளவரும், நம்பிக்கையே இல்லாதவரும், காசு கொடுக்காமல் பார்க்கலாம்.

மாலை நேரம்

நாலரை மணிக்கு விளக்கை அணைத்துக் காமிராவை மூடிவிட்டு, இருவரும் வாடகை வீட்டுக்குத் திரும்புகிறார்கள். இரண்டு அறை; யார் யாரோ உபயோகித்த மேஜை நாற்காலி. சொந்த வீட்டை மூத்த மகளிடமோ வாடகைக்கோ விட்டுவிட்டு வந்திருப்பார்கள். சாயந்திரம் டெலிபோன் திரையில் பேரக் குழந்தைகள் வருவார்கள். இளம் ஊழியர்கள் வருஷத்துக்கு இரண்டு தடவைதான் வீட்டாரோடு பேசலாம் என்று 2019 வரையில் கட்டுப்பாடு இருந்தது. வயதானவர்களுக்கு அந்தக் கெடுபிடி இல்லை. இருந்தாலும் திரையில் தெரியும் குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள முடியாதே! இந்த ஒன்றரை வருஷத்தில் ஒரு பேத்தி பிறக்கலாம். ஒரு பேரன் நடக்க ஆரம்பிக்கலாம். ஊரில் அண்ணனோ தம்பியோ படுக்கையில் விழலாம். அறுபத்தெட்டு வயதில் ஒன்றரை வருஷம் என்பது இருபது வயதுக்காரனின் ஒன்றரை வருஷம் அல்ல.

தம் பேரப்பிள்ளைகளோடு இருக்க வேண்டிய நாட்களை, பிறருடைய பாட்டன்மாருக்குக் கொடுத்திருக்கிறார்கள். இது தியாகமா, பிடிவாதமா என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் துணிவில்லை. பிள்ளைகளில் சிலர் "இந்த வயதில் உங்களுக்கு எதற்கு?" என்று கேட்கத்தான் கேட்பார்கள். எந்த நாட்டுப் பிள்ளைகள் கேட்க மாட்டார்கள்?

சனிக்கிழமை துணி துவைக்க, கறிகாய் வாங்க, ஊர் சுற்றிப் பார்க்க. ஊர் சுற்றினாலும் இவர்கள் கால் கல்லறைத் தோட்டத்துப் பக்கமாகத்தான் போகும். வாரம் முழுவதும் காகிதத்தில் பார்த்த பெயர் ஒன்று கல்லில் இருக்கிறதா என்று அம்மாள் குனிந்து பார்ப்பார். எஜமானின் பெயர் பெரிய பளிங்கில் இருக்கும். மற்றவர்களின் பெயர் எங்கும் இராது. ஞாயிற்றுக்கிழமை கோயில். திங்கட்கிழமை மறுபடி அந்த அடித்தளம்.

தவணை முடிகிற நாளில் பெரிய விழா ஒன்றும் நடப்பதில்லை. கோர்ட்டுக் குமாஸ்தாக்கள் கேக் வாங்கி வைப்பார்கள். கடைசிக் கட்டின் கடைசித் தாளை எடுத்துவிட்டுப் போகத்தான் எல்லோருக்கும் ஆசை. அது நடப்பது அபூர்வம். சுவரோரம் அலமாரியில் திறக்காத பெட்டிகள் எப்போதும் மீதி இருக்கும். எந்தப் பெட்டி வரை முடிந்தது என்று ஒரு சீட்டில் எழுதி மேஜைமீது வைத்துவிட்டுப் பெரியவர் கோட்டைப் போட்டுக்கொள்கிறார். அடுத்த தம்பதி வந்து சேரச் சில மாதங்கள் ஆகலாம். அதுவரை காமிராவின்மீது ஒரு துணி போர்த்தியிருக்கும்.